தயிர் கொடுக்கலாமா, டாக்டர்?

வீடு திரும்பும் நோயாளிகளுக்கான சீட்டுகளை எழுதிக் கொடுக்கும் வேளையில், எங்கள் இரைப்பை, குடல், கல்லீரல் பிரிவில் நாள்தோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு. மாத்திரைகளைப் பற்றிய விளக்கம் முடிந்திருக்கும். அடுத்து வரவேண்டிய நாளும் குறிக்கப்பட்டிருக்கும். நோயாளியின் மனைவியோ மகளோ வாசல்வரை சென்று, திரும்பி வந்து, "தயிர் கொடுக்கலாமா, டாக்டர்?" என்று கேட்பார்.

பெரும்பாலானோருக்குக் கொடுக்கலாம் என்பதே எங்கள் விடை. ஆயினும் அவ்வொரு சொல்லோடு நிறுத்திக்கொள்வது போதாது என்பதை அனுபவம் எங்களுக்கு உணர்த்தியிருக்கிறது. தயிர் தேவைப்படுவோருக்கு அதை மறுப்பதும், மருந்து இருக்க வேண்டிய இடத்தில் தயிரை வைத்துவிடுவதும் சில வேளைகளில் ஒரே வீட்டிலேயே நடக்கின்றன. ஆகவே இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பால் தயிராவது எவ்வாறு?

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உள்ளது. நாம் உறை ஊற்றும்போது பாலுக்குள் செல்லும் பாக்டீரியாக்கள் இச்சர்க்கரையை உண்டு, லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் தனித்தனியே மிதந்துகொண்டிருந்த கேசீன் என்னும் புரதத் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் ஆகின்றன. அவ்வலைக்குள் நீரும் கொழுப்பும் சிக்கி நிற்பதையே நாம் தயிர் என்கிறோம்.

இப்பணியைச் செய்யும் நுண்ணுயிரிகளுள் ஒன்றை 1905ஆம் ஆண்டு ஜெனீவாவில் முதன்முதலாகப் பிரித்துக் காட்டியவர், பல்கேரிய நாட்டைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ். அவர் தம் நாட்டுத் தயிரை ஆராய்ந்தார். அந்த நுண்ணுயிரிக்கும் பல்கேரியாவின் பெயரே நிலைத்தது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் அறிஞர் மெச்னிகோஃப், புளித்த பால் முதுமையைத் தள்ளிப்போடும் என்று எழுதியபோது ஐரோப்பா முழுவதும் தயிருக்குப் பெரும் மதிப்பு உண்டாயிற்று. அவருக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது தயிருக்காக அன்று. நோய் எதிர்ப்பாற்றல் குறித்த ஆய்வுக்காக. புளித்த பாலை நாள்தோறும் அருந்திவந்த அவர் 71ஆம் வயதில் மறைந்தார். தயிரின் பெருமையை அளவறிந்து பேச வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம். அந்தப் பாக்டீரியாக்கள் நம் குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை. சில நாள் தங்கி வெளியேறிவிடுகின்றன என்பது பின்னர் தெரியவந்தது.

உறுதியாகச் சொல்லத்தக்க நன்மைகள்

100 கிராம் தயிரில் ஏறத்தாழ 60 கலோரி ஆற்றலும், 3 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும், சுமார் 120 மில்லிகிராம் கால்சியமும் உள்ளன. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை எனக் கொண்டால், 200 கிராம் கொள்ளும் ஒரு கிண்ணம் தயிர் அதில் கால் பங்கை நிறைவு செய்துவிடும். மெல்ல இயலாத முதியவரும், வாய்ப்புண்ணால் வருந்துவோரும், காய்ச்சலுக்குப் பின் நாக்கில் சுவையற்றிருப்போரும் எளிதில் உண்ணக்கூடிய புரத உணவு இதைப் போல் வேறொன்று இல்லை என்றே சொல்லலாம்.

பால் அருந்தினால் வயிறு உப்பி, இரைச்சலுடன் பேதியாகும் பலர் நம்மிடையே உள்ளனர். லாக்டோஸைச் செரிக்கும் நொதி அவர்களிடம் குறைவு. இவர்களுள் பெரும்பாலோர் தயிரை நன்றாகவே தாங்குகின்றனர். உறையும்போதே லாக்டோஸின் ஒரு பகுதி அமிலமாகிவிடுகிறது. எஞ்சியதைச் செரிக்கும் நொதியையும் தயிரிலுள்ள பாக்டீரியாக்களே குடலுக்குள் கொண்டுவருகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் அறிவியல் அடிப்படை உடையதென ஏற்றுக்கொண்ட நன்மை இது. உயிருள்ள பாக்டீரியாக்கள் போதிய அளவில் இருந்தாலொழிய இப்பயன் கிட்டாது. தயிரைக் குழம்பில் ஊற்றிக் கொதிக்கவைத்தால் புரதமும் கால்சியமும் கிடைக்கும், பாக்டீரியாக்கள் மடிந்துவிடும்.

நீரிழிவைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024இல் ஓர் அனுமதி வழங்கியது. வாரத்திற்கு இரண்டு கோப்பையேனும் தயிர் உண்பது இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும், ஆனால் இதற்கான சான்று வரம்புக்குட்பட்டதே என்று நிறுவனங்கள் குறிப்பிடலாம் என்பதே அது. "தயிர் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று உங்கள் கைப்பேசிக்கு வரும் செய்திக்கும் இதற்கும் உள்ள தொலைவைக் கவனியுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வீட்டுத் தயிரை அச்சமின்றி உண்ணலாம். இனிப்பும் நிறமும் சேர்த்துக் கடைகளில் விற்கப்படும் யோகர்ட், சர்க்கரை இட்ட லஸ்ஸி ஆகியவற்றைத் தயிர்க் கணக்கில் சேர்க்க வேண்டா.

பத்தியத்தின் பெயரால்

ஒரு நோயாளியைப் பற்றி இங்குச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவர். கல்லீரல் சுருக்க நோய். வயிற்றில் நீர் கோத்து எங்களிடம் சேர்க்கப்பட்டார். நீர் வடிந்து, உடல் தேறி வீடு திரும்பியபோது "உப்பைக் குறையுங்கள்" என்று கூறி அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தபோது எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னங்கள் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டிய நிலை. ஈரல் நோய் என்றவுடன் வீட்டில் பால், தயிர், பருப்பு, முட்டை அனைத்தையும் நிறுத்தியிருந்தனர். காலையில் மோரில் அரைத்த கீழாநெல்லி. பகலில் நீர்மோர் ஊற்றிய குழைந்த சோறு. மாலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி. அதன்பின் மறுநாள் காலைவரை ஒன்றுமில்லை. "இரவில் தயிர் ஆகாதென்று அத்தை சொன்னார்கள்" என்றார் அவருடைய மனைவி. தம் கணவரை அவர் அலட்சியம் செய்யவில்லை. சொன்ன பத்தியத்தை ஒரு நாளும் தவறாமல் காத்திருக்கிறார். அதுவே எங்களை வருத்தியது.

நலமான ஈரல், பகலில் உண்ட உணவிலிருந்து மாவுச்சத்தைச் சேமித்து இரவு முழுவதும் உடலுக்கு வழங்கும். சுருங்கிய ஈரலில் அச்சேமிப்புக் குறைவு. ஆகவே இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில், மற்றவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் என்ன நேருமோ அது இவர்களுக்கு ஒரே இரவில் நேர்கிறது. உடல் தன் தசையையே கரைத்து எரிக்கத் தொடங்குகிறது. இத்தகைய நோயாளிகள் படுக்கச் செல்லுமுன் சிறிது மாவுச்சத்தும் புரதமும் உண்ண வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். நம் வீடுகளில் அதற்கு மிக எளிய உணவு, உப்பின்றிப் பிசைந்த ஒரு கிண்ணம் தயிர்ச் சோறு. "இரவில் தயிர் கூடாது" என்னும் விதியை இவர்கள் விஷயத்தில் மீறத்தான் வேண்டும்.

இத்தவற்றில் எங்கள் துறைக்கும் பங்குண்டு. ஈரல் நோயால் மனக்குழப்பம் ஏற்படுவோருக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவ நூல்களே நெடுங்காலம் கூறிவந்தன. அக்கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது. இந்நோயாளிகளுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். தயிரும் பருப்பும் தரும் புரதத்தை இறைச்சிப் புரதத்தைவிட இவர்கள் நன்றாகத் தாங்குகின்றனர். ஒரு கிண்ணம் தயிரில் 6 முதல் 7 கிராம் வரைதான் கிடைக்கும். ஆகவே பருப்பும் சுண்டலும் முட்டையும் உடன் வேண்டும்.

தயிரும் மோரும் ஒன்றே என்று எண்ணுவோர் பலர். ஒரு பங்கு தயிரில் மூன்று பங்கு நீர் விட்டுக் கடைந்தால், அதே அளவு மோரில் கால் பங்குச் சத்தே எஞ்சும். வெயிலுக்கு நீர்மோர் நல்லது. உடல் மெலிந்த நோயாளிக்கு அது உணவாகாது.

சளி பிடிக்கும் என்பதும், அறுவை செய்த இடத்தில் சீழ் வைக்கும் என்பதும் தயிரின்மேல் சுமத்தப்படும் மற்ற இரு குற்றச்சாட்டுகள். சளியை உண்டாக்குபவை வைரஸ்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் உண்டால் சிலருக்குத் தொண்டை கரகரக்கும். அரை மணி நேரம் வெளியே வைத்து உண்டால் போதும். அறுவைப் புண் ஆறப் புரதம் இன்றியமையாதது. தயிரால் சீழ் வைப்பதில்லை. குடலில் அறுவை செய்துகொண்டவர்கள் மட்டும், எப்போது உண்ணத் தொடங்கலாம் என்பதை அறுவை மருத்துவரிடம் கேட்டறிந்து அதன்படி நடக்க வேண்டும்.

மாத்திரையும் தயிரும் சந்திக்கும்போது

இங்கும் எங்கள் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சிறுநீர்த் தொற்றுக்காகச் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுக்கப்பட்ட ஒரு மூதாட்டிக்கு ஐந்து நாளாகியும் காய்ச்சல் தணியவில்லை. மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை என்றார். எதனுடன் விழுங்கினீர்கள் என்று கேட்டபோது, "வயிற்றைப் புண்ணாக்குமே என்று ஒரு டம்ளர் மோருடன்தான்" என்றார். சீட்டில் "உணவுக்குப் பின்" என்று மட்டுமே எழுதியிருந்தோம். பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் இம்மருந்தைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாமல் தடுத்துவிடும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே சிப்ரோஃப்ளாக்சசின் விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்தே தயிர் உண்ணுங்கள். தயிர் உண்டபின் ஆறு மணி நேரமாவது கழித்து மாத்திரையை விழுங்குங்கள். காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் மாத்திரை, நண்பகல் உணவில் தயிர் என்று வைத்துக்கொண்டால் சிக்கலே இல்லை. தைராய்டு மாத்திரையையும், எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேட் மாத்திரையையும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் மட்டுமே விழுங்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தயிர்ச் சோற்றுடன் சேர்க்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் மருந்துகளால் பேதி ஆகுமாமே, அதற்குத் தயிர் உதவாதா என்று கேட்பீர்கள். குறிப்பிட்ட சில நுண்ணுயிரிகளைக் குறிப்பிட்ட அளவில் கொடுத்தால் அப்பேதி ஓரளவு குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் வீட்டுத் தயிரில் எந்த நுண்ணுயிரி, எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே அந்த ஆய்வுகளின் முடிவை அப்படியே வீட்டுத் தயிருக்குப் பொருத்த இயலாது. உணவாக உண்பதில் தடையில்லை. பேதி நாளுக்கு மூன்று முறைக்கு மேல் நீடித்தாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ தயிரை நம்பிக் காத்திராமல் எங்களிடம் வாருங்கள்.

வயிற்றுப்போக்கின்போது உப்பிட்ட மோர் பயனுள்ள நீராகாரம் என்பதை உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டுள்ளது. எனினும் குழந்தைக்கு நீர்ச்சத்து வற்றிக்கொண்டிருந்தால் மோர் போதாது. கண் குழிந்து, நா வறண்டு, சிறுநீர் குறைந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்தபடியே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

எங்களைக் கேட்டபின் உண்ண வேண்டியவர்கள்

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்வோர் தயிரின் பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவர்களுக்கு ஒரு நாளில் அனுமதிக்கப்பட்ட நீரின் அளவில் மோரும் அடங்கும். "தண்ணீர் குடிக்கவில்லை, மோர்தான் குடித்தேன்" என்று கூறி மூச்சுத் திணறலுடன் வந்தவர்கள் உண்டு. இதயம் பலவீனமானோரும், இரத்த அழுத்தம் மிகுந்தோரும், வயிற்றில் நீர் கோத்தோரும் மோரில் உப்பிடக் கூடாது. கறிவேப்பிலை, இஞ்சி, சீரகப்பொடி ஆகியவற்றால் சுவை கூட்டிக்கொள்ளலாம். மோர்மிளகாய், ஊறுகாய் ஆகிய துணைகளை விலக்குவது அதனினும் முக்கியம்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு வெள்ளணுக்கள் குறைந்திருப்போரும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோரும் வீட்டில் உறைந்த தயிரைத் தாமாக முடிவு செய்து உண்ண வேண்டா. பிறருக்குத் தீங்கிழைக்காத நுண்ணுயிரியும் எதிர்ப்பாற்றல் இழந்த உடலில் தொற்றாகலாம். எந்த நாள்முதல் உண்ணலாம் என்பதை உங்கள் மருத்துவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துக் கூறுவார். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தயிரும் ஆகாது. குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் சோற்றில் சிறிது தயிர் பிசைந்து ஊட்டலாம்.

நோயாளி உள்ள வீட்டில் உறை ஊற்றும் முறை

உறை ஊற்றத் தெரியாத வீடு நம்மிடையே அரிது. அறிவுரை கூறத் துணிவதற்குக் காரணம், நோயாளி உண்ணும் தயிரில் தூய்மை சற்றுக் கூடுதலாக வேண்டும் என்பதே.

பால் பாக்கெட்டில் வந்தாலும், நேரே கறந்து வந்தாலும், காய்ச்சாமல் பயன்படுத்தக் கூடாது. காய்ச்சாத பாலின் வழியே புருசெல்லோசிஸ், காசநோய் ஆகியவை பரவக்கூடும். பொங்கி வந்தவுடன் இறக்கிவிடாமல், தீயைக் குறைத்து, கிளறியபடி ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். இதனால் கிருமிகள் அழிவதோடு, பாலின் மற்றொரு வகைப் புரதம் இளகிக் கேசீனுடன் ஒட்டிக்கொள்வதால் தயிர் கெட்டியாகவும் அமையும். எடை கூட வேண்டியவர்களுக்கு 6 விழுக்காடு கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பாலும், கொழுப்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கு 3 விழுக்காடு கொழுப்புள்ள சமன்படுத்திய பாலும் ஏற்றவை.

பால் இளஞ்சூட்டுக்கு, ஏறத்தாழ 40 பாகை செல்சியஸுக்கு, ஆற வேண்டும். நம் அன்னையர் விரலை விட்டுப் பார்த்தே இதை அறிந்தனர். நோயாளிக்கான பாலில் விரல் வேண்டா. சுத்தமான கரண்டியால் எடுத்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடாமல் இதமாக இருந்தால் அதுவே பதம். மிகச் சூடான பாலில் ஊற்றினால் உறையிலுள்ள பாக்டீரியாக்கள் மடியும். ஆறிக் குளிர்ந்த பாலில் அவை சோம்பிக் கிடக்க, வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும்.

அரை லிட்டர் பாலுக்குச் சென்னையின் கோடையில் ஒரு தேக்கரண்டித் தயிர் போதும்; உதகையின் குளிருக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி ஆகும். முந்தைய நாள் தயிரின் மேலாடையை விலக்கி, நடுவிலிருந்து எடுத்து, பாலில் நன்றாகக் கலந்து மூடி வையுங்கள். அதன்பின் பாத்திரத்தை அசைக்காதீர்கள். வெயில் காலத்தில் நான்கைந்து மணி நேரத்திலும், குளிர் காலத்தில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்திலும் உறையும். உறைந்தவுடன் குளிர்பெட்டியில் வைத்தால் புளிப்பு மேலும் ஏறாது. நோயாளிக்கு அன்றைய தயிரோ முதல் நாள் தயிரோ போதும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் பாத்திரங்கள் ஏற்றவை. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளிப்பு ஏறினால் செம்பு கரைந்து தயிரில் கலக்கும். மண்சட்டித் தயிரின் சுவையை நாங்களும் அறிவோம். அதன் நுண்துளைகளை நன்கு கழுவி வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்த முடியுமானால் பயன்படுத்துங்கள். உறை இல்லாதபோது மிளகாய்க் காம்பைப் போட்டு உறையவைக்கும் வழக்கத்தை நோயாளியின் வீட்டில் தவிர்க்கலாம். காம்பில் எந்தக் கிருமி ஒட்டியிருக்கிறது என்பதை யார் அறிவார்?

தயிரின்மேல் தெளிந்து நிற்கும் இளமஞ்சள் நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதிலும் சத்து உண்டு. நூல்போல் இழுபட்டுக் கொழகொழவென்று இருந்தாலோ, வழக்கமில்லாத வாடை வீசினாலோ அவ்வுறையைக் கைவிட்டுப் புது உறை வாங்குங்கள். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்தெடுத்து உண்பது கூடாது, முழுவதையும் கொட்டிவிடுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் பால் உறையவே இல்லை என்றால், உங்கள் கைப்பக்குவத்தின்மேல் பழி போட வேண்டா. மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் பாலில் கலந்திருந்தாலும், பால் திரியாமலிருக்க யாரேனும் சோடா உப்புச் சேர்த்திருந்தாலும் உறைவது தடைப்படும். பால் வாங்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

உள்நோயாளிகளுக்காக வீட்டிலிருந்து தயிர்ச் சோறு கொண்டுவரும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் சிறு எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவாருங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிடுங்கள். எஞ்சியதைக் கட்டிலுக்கு அடியிலோ மருந்து அலமாரியிலோ மாலைக்கென்று வைக்காதீர்கள். ஊட்டுமுன் பணியிலிருக்கும் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த வேளைக்குரிய மாத்திரை எது என்பதைப் பார்த்து அவர் நேரம் சொல்வார்.